சர், செவாலியே, ராவ் சாகிப்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற இதழில் தியாகராய நகருக்குப் பெயர் தந்த சர் பிட்டி தியாகராயரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த 'சர்' பற்றியே கேட்கின்றன. பிரிட்டிஷ் அரசர் 'நைட்' என்ற பட்டம் கொடுத்தவரின் பெயருக்கு முன்னால் வரும் சொல் அது. பள்ளிக்கூடத்தில் முப்பத்துநாலு வருடம் வரலாறு நடத்தியவனுக்கு இதைவிட நல்ல கேள்வித்தாள் கிடைக்காது. இந்த இதழ் முழுவதும் அதற்கே.

'நைட்' என்ற சொல்லுக்கு நேரான பொருள் என்ன? தமிழில் அதற்கு ஏதாவது சொல் உண்டா?
(திண்டுக்கல் வாசகர்)

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் 'பையன்', 'ஏவலாள்' என்றுதான் பொருள். அதே வேரிலிருந்து வந்த ஜெர்மன் சொல் 'க்னெக்ட்'. அதற்கு இன்றைக்கும் வேலைக்காரன், பண்ணையாள் என்றே அர்த்தம். இங்கிலாந்தில் மட்டும் பிரபுவுக்கு ஏவல் செய்த ஆள், பிரபுவுக்காகச் சண்டை போடும் ஆளாகி, பிறகு குதிரை மேல் ஏறிய வீரனாகி, கடைசியில் அரசன் முன் மண்டியிட்டுப் பட்டம் வாங்குகிறவனாக உயர்ந்துவிட்டான். மற்ற நாட்டார் ஆளைப் பார்க்கவில்லை, குதிரையைப் பார்த்தார்கள். பிரெஞ்சில் 'செவாலியே', ஸ்பானிய மொழியில் 'கபயேரோ' இரண்டும் குதிரையிலிருந்து பிறந்தவை. ஜெர்மனில் 'ரிட்டர்' என்றால் சவாரி செய்கிறவன்.

தமிழில் அகராதிக்காரர்கள் புதுச்சொற்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். பேச்சில் நிலைத்தது 'சர் பட்டம்' ஒன்றுதான். ஆனால் நமக்குத் தெரியாமலே நம்மிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது. சதுரங்கப் பலகையில் ஆங்கிலேயர் 'நைட்' என்று சொல்லும் காயை நாம் குதிரை என்கிறோம். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும்.

பழைய காலத்தில் ஒருவன் நைட் ஆவதற்கு வழக்கமான பாதை ஒன்று இருந்தது. ஏழு வயதில் பையனை இன்னொரு பிரபுவின் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். பந்தியில் பரிமாறுவது, எடுபிடி வேலை, மரியாதை பழகுவது எல்லாம் அங்கே. பதினாலு வயதில் 'ஸ்குவயர்'. கேடயம் தூக்குகிறவன் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஒரு நைட்டிடம் சேர்ந்து அவருடைய குதிரையைத் தேய்ப்பான், கவசத்தைத் துலக்குவான், சண்டைக்கும் கூடவே போவான். இருபத்தொன்றை ஒட்டித்தான் பட்டம். முதல் நாள் குளியல், இரவு முழுக்கத் தேவாலயத்தில் கண்விழிப்பு, விடிந்ததும் சடங்கு. ஆதியில் வாள் தோளைத் தொடவில்லை. கழுத்திலோ கன்னத்திலோ கையால் ஓர் அடி, அவ்வளவுதான்.

இன்றைய சடங்கில் பட்டம் பெறுகிறவர் ஒரு சிறு மெத்தைப் பலகையில் வலது முழங்காலை ஊன்றுவார். அரசர் வாளின் தட்டைப் பக்கத்தால் வலது தோளையும் பிறகு இடது தோளையும் தொடுவார். எலிசபெத் அரசியார் தம் தந்தையின் வாளையே இதற்குப் பயன்படுத்தினார். சினிமாவில் வருகிற "எழுந்திரு, சர் இன்னார்!" என்ற வசனம் நிஜச் சடங்கில் கிடையாது. பெண்களுக்குச் 'சர்'க்கு இணையான பட்டம் 'டேம்'. அவர்களுக்கு வாள் தொடுதல் இல்லை.

சி.வி.ராமன் 'நைட் பேச்சலர்' என்று படித்தேன். அவர்தான் திருமணமானவர் ஆயிற்றே?
(ஈரோடு வாசகி)

திருமணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை அம்மா. இங்கே 'பேச்சலர்' என்றால் இளையவர், ஆரம்பப் படியில் நிற்பவர் என்று பொருள். பி.ஏ., பி.எஸ்சி. பட்டங்களில் முதலெழுத்தாக நிற்பதும் இதே சொல்தான். நைட்டுகளுக்கு 'ஆர்டர்' எனப்படும் விருதுக் குழுக்கள் உண்டு. எந்தக் குழுவிலும் சேராத தனி நைட்டுக்கு இந்தப் பெயர். எல்லாவற்றிலும் பழைய வகையும் இதுதான்.

இதற்கு மேல் படியாகப் 'பேனரெட்' என்று ஒன்று இருந்தது. அந்த உயர்வு நடந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரண நைட் தன் ஈட்டியில் கட்டியிருக்கும் கொடி வால்விட்ட கொடி. தன் கொடியின் கீழ் வேறு வீரர்களையும் நடத்திப் போகும் உரிமை உள்ளவனுக்கோ சதுரக் கொடி. போர்க்களத்தில் ஒருவன் சிறப்பாக நின்றுவிட்டால் அரசன் அங்கேயே அவனுடைய கொடியை வாங்கி, தொங்கும் வாலை வெட்டி எறிவான். மிச்சம் சதுரம். அந்தக் கணத்திலிருந்து அவன் பேனரெட். தாளும் இல்லை, முத்திரையும் இல்லை. துணியில் ஒரு வெட்டு, அவ்வளவே.

ராமனுக்கு நோபல் பரிசு வந்ததால் சர் பட்டம் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அவர் சர் ஆனது 1929-இல், நோபல் 1930-இல்.

இந்தப் பட்டங்களில் எது பெரியது, எது சின்னது? வரிசையாகச் சொல்ல முடியுமா?
(மதுரை வாசகர்)

சொல்கிறேன். முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'சர்' என்பது பெயருக்கு முன் வரும் மரியாதை. அதை எந்தக் குழுவில், எந்தப் படியில் வாங்கினார் என்பது பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளில் இருக்கிறது. முன்னால் இருப்பது எல்லாருக்கும் ஒன்றுதான். பின்னால் இருப்பதைப் பார்த்துத்தான் படியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

உச்சியில் இருப்பது 'கார்ட்டர்' குழு. மூன்றாம் எட்வர்ட் 1348-ஐ ஒட்டி ஏற்படுத்தியது. அரசரையும் வேல்ஸ் இளவரசரையும் தவிர 24 பேர்தான். ஒருவர் இறந்தால்தான் இன்னொருவருக்கு இடம். கார்ட்டர் என்றால் காலுறை நழுவாமல் முழங்காலுக்குக் கீழே கட்டும் பட்டை. நடனத்தில் ஒரு பெருமாட்டியின் பட்டை அவிழ்ந்து விழுந்ததாம், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்களாம், அரசன் அதை எடுத்துத் தன் காலில் கட்டிக்கொண்டு "இதைத் தவறாக நினைப்பவனுக்கே வெட்கம்" என்றானாம். கதைக்கு ஆதாரம் கிடையாது. வாசகம் மட்டும் நிஜம், இன்றைக்கும் நீலப் பட்டையில் பிரெஞ்சு மொழியில் பொறித்திருக்கிறது. அந்தச் சின்னம் குடும்பச் சொத்தும் ஆகாது. ஆள் இறந்ததும் அரசரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஸ்காட்லாந்துக்குத் 'திஸில்' குழு, 16 பேர். அதற்குப் பிறகு 'பாத்' குழு, 1725-இல் முதலாம் ஜார்ஜ் அமைத்தது. மேலே சொன்னேனே, பட்டத்துக்கு முதல் நாள் குளியல், அதிலிருந்து வந்த பெயர். படைத்தலைவர்களுக்கும் மூத்த அரசு அதிகாரிகளுக்கும் இது. தூதர்களுக்கும் அயல்நாட்டுப் பணியில் இருப்பவர்களுக்கும் 1818-இல் பிறந்த 'செயின்ட் மைக்கேல், செயின்ட் ஜார்ஜ்' குழு. அரசர் மந்திரிகளைக் கேட்காமல் தம் விருப்பப்படி கொடுப்பது 1896-இல் வந்த 'விக்டோரியன்' குழு.

கடைசியாக வந்தது, இன்று அதிகம் பேருக்குப் போவது, 'பிரிட்டிஷ் பேரரசு' குழு. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917-இல் ஐந்தாம் ஜார்ஜ் தொடங்கினார். ஐந்து படிகள்: ஜி.பி.இ., கே.பி.இ., சி.பி.இ., ஓ.பி.இ., எம்.பி.இ. பெண்கள் என்றால் இரண்டாவது படி டி.பி.இ. இதில் மேல் இரண்டு படிக்காரர்கள்தான் சர், டேம். கீழ் மூன்று படிகளில் மரியாதை உண்டு, 'சர்' கிடையாது. நம் பத்திரிகைகள் ஓ.பி.இ. வாங்கியவரைச் 'சர்' ஆக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

எழுத்தைப் பார்த்துப் படி கண்டுபிடிக்கச் சுலபமான வழி: 'ஜி' அல்லது 'கே' என்று தொடங்கினால் சர். 'சி' என்று தொடங்கினால் சர் இல்லை. யாழ்ப்பாணத்துப் பெரியவர் பொன்னம்பலம் இராமநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். 1889-இல் அவருக்குச் சி.எம்.ஜி. கிடைத்தது, செயின்ட் மைக்கேல் குழுவின் அடிப்படி. சர் ஆனது 1921-இல்தான். இடையில் 32 வருடம். அதற்குள் தம்பி அருணாசலம் 1913-இலேயே சர் ஆகிவிட்டார். இவர்களுடைய தாய்மாமன் முத்துக்குமாரசுவாமிக்கு 1874-லேயே சர் பட்டம். ஒரே குடும்பத்தில் மூன்று பேர், ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பெற்றது.

பரம்பரையாக வரும் 'சர்' ஒன்றும் உண்டு. அது 'பேரனெட்'. தகப்பனுக்குப் பின் மகன் சர் ஆவான். ஆனால் அது நைட் பட்டம் அல்ல. பம்பாய் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் 1842-இல் நைட், 1857-இல் பேரனெட்.

இந்தியர்களுக்கென்று தனிக் குழு இருந்ததா?
(கும்பகோணம் வாசகர்)

இரண்டு இருந்தன. 1861-இல் 'இந்திய நட்சத்திரம்', 1878-இல் 'இந்தியப் பேரரசு'. முன்னது பெரியது, சமஸ்தான மன்னர்களுக்கும் கவர்னர்களுக்கும். உங்கள் ஊர்க்காரர் திவான் டி.மாதவ ராவ் 1866-இல் கே.சி.எஸ்.ஐ., அதாவது இந்திய நட்சத்திரக் குழுவின் சர் ஆனார். திருவிதாங்கூர் திவானாக இருந்தபோது வந்தது.

இந்த இரண்டு குழுக்களிலும் நான் வகுப்பில் நிறுத்தி நிதானமாகச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. பாத், செயின்ட் மைக்கேல் குழுக்களில் உச்சப் படிக்குப் பெயர் 'கிராண்ட் கிராஸ்', அதாவது பெருஞ்சிலுவை. இந்துவும் முஸ்லிமும் சீக்கியரும் பார்சியும் சிலுவை என்ற பெயரை எப்படித் தாங்குவார்கள்? அதனால் இந்தியக் குழுக்களில் மட்டும் 'கிராண்ட் கமாண்டர்' என்று மாற்றினார்கள். எழுத்தில் பார்த்தால் இரண்டும் 'ஜி.சி.'தான், வித்தியாசம் தெரியாது. சின்னத்திலும் சிலுவை வைக்கவில்லை. ஒன்றில் நட்சத்திரம், மற்றதில் ரோஜா.

படி ஏறுவதற்கு நம் பக்கத்து உதாரணம் டி.முத்துசாமி ஐயர். தஞ்சாவூர்ப் பக்கத்து ஏழைக் குடும்பம். சிறுவயதில் கிராமக் கணக்குப்பிள்ளைக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்கு இருந்தவர். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி. 1878-இல் இந்தியப் பேரரசுக் குழுவின் சி.ஐ.இ., அப்போது வெறும் முத்துசாமி ஐயர். 1893-இல் கே.சி.ஐ.இ., அப்போதுதான் சர். நீதிமன்றத்துக்குள் அவருடைய வெள்ளைச் சலவைக்கல் சிலையைப் பார்த்தவர்கள் அந்தக் கால்களைக் கவனித்திருப்பீர்கள். செருப்பு இல்லை. வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறார்.

1948 தொடக்கத்துக்குப் பிறகு இந்த இரண்டு குழுக்களிலும் யாரையும் சேர்க்கவில்லை. இரண்டிலும் உச்சப் படியில் இருந்த கடைசி மனிதர் திருவிதாங்கூர் சித்திரைத் திருநாள் மகாராஜா. கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தாரே, அவர்தான். 1991-இல் காலமானார்.

என் கொள்ளுத்தாத்தா ராவ் பகதூர். அப்படியானால் அவரும் சர்தானே?
(சேலம் வாசகர்)

இல்லை ஐயா. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் மூன்றும் வைஸ்ராய் கொடுத்த இந்தியப் பட்டங்கள். முஸ்லிம் பெரியவர்களுக்குக் கான் சாகிப், கான் பகதூர். வரிசையில் நைட் பட்டத்துக்குக் கீழே. ஆனால் அதற்காகக் குறைத்து எண்ண வேண்டாம். ஒரு தாலுகாவில் பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ கட்டிக் கொடுத்தவர், பஞ்ச காலத்தில் கஞ்சித்தொட்டி நடத்தியவர், நாற்பது வருடம் கறைபடாமல் உத்தியோகம் பார்த்தவர் என்று எத்தனையோ பேர் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

என் அம்மா வழித் தாத்தாவின் அண்ணன் ராவ் சாகிப். அவருடைய பதக்கத்தை ஒரு கோடை விடுமுறையில் கையில் வைத்துப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. தேக்குப் பெட்டிக்குள் மஞ்சள் துணியில் சுற்றி, பக்கத்தில் வசம்புத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளி நட்சத்திரம், நடுவில் ஜார்ஜ் மன்னரின் தலை, மேலே கிரீடம், நீல நாடா. கையில் எடுத்தால் நினைத்ததைவிடக் கனம். நாடா மடிப்பில் இற்றுப்போயிருந்தது. பெரியம்மா அதைத் தொடவிடவில்லை, பதக்கத்தை மட்டும் திருப்பிப் பார்க்க விட்டார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். கூடவே சனத் என்னும் பட்டயத்தாள் இருந்தால் அதைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

'சர் ராமன்' என்று எழுதுவது தப்பா?
(சென்னை வாசகி)

ஆங்கில முறைப்படி 'சர்'க்குப் பின்னால் ஆளின் சொந்தப் பெயர் வர வேண்டும், குடும்பப் பெயர் தனியாக வரக்கூடாது. சர் ஐசக் என்று சொல்லலாம், சர் நியூட்டன் என்று சொல்லக்கூடாது. சரி, நமக்கு இது எப்படிப் பொருந்தும்? நம்மிடம் குடும்பப் பெயரே கிடையாது. முன்னால் அப்பா பெயர், பின்னால் சொந்தப் பெயர். சந்திரசேகர ஐயரின் மகன் வேங்கடராமன், அதுதான் சி.வி.ராமன் ஆனது. ஆங்கில விதியை அப்படியே போட்டால் 'சர் சந்திரசேகர' என்று அப்பாவுக்குப் பட்டம் போய்விடும்! அதனால்தான் நம்மவர்கள் முழுப்பெயரோடு 'சர் சி.வி.ராமன்' என்று எழுதும் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். என் கணக்கில் அதுதான் சரி.

மனைவிமார் விஷயத்திலும் இப்படி ஒன்று உண்டு. நைட்டின் மனைவி 'லேடி'. ஆனால் லேடிக்குப் பின்னால் கணவர் பெயர்தான் வரும். லேடி என்று போட்டுத் தன் சொந்தப் பெயரைச் சேர்க்கும் உரிமை டியூக், மார்க்விஸ், ஏர்ல் ஆகியோரின் பெண்களுக்கு மட்டும். சென்னை இந்த விதியை ஏற்கவில்லை. நீதிபதி சர் எம்.வேங்கடசுப்பா ராவும் அவர் மனைவி ஆண்டாளம்மாவும் 1928-இல் மதராஸ் சேவா சதனத்தைத் தொடங்கினார்கள். அங்கே வளர்ந்த பள்ளியை ஊரே 'லேடி ஆண்டாள்' என்கிறது. லண்டன் மரியாதைப் புத்தகத்துக்கு அது தப்பு. நமக்கு அது அந்த அம்மாவின் பெயர். கணவர் பெயருக்குப் பின்னால் மறையாமல் அவர் பெயரிலேயே வழங்குவது எனக்கு நிறைவாக இருக்கிறது.

'செவாலியே' சிவாஜி என்கிறோமே, அதுவும் சர் பட்டம் மாதிரியா?
(புதுச்சேரி வாசகர்)

பொருளில் அதேதான்: குதிரை வீரன், நைட். பிரெஞ்சு அரசின் 'கலை, இலக்கிய' விருதுக் குழுவில் மூன்று படிகள்: செவாலியே, ஒஃபிஸியே, கொமாந்தர். சிவாஜி கணேசனுக்கு 1995-இல் செவாலியே. கமல்ஹாசனுக்கு 2016-இல். பிரான்ஸ் குடியரசு நாடு, பெயருக்கு முன்னால் எதையும் போட்டுக்கொள்ளச் சொல்வதில்லை. அந்த வழக்கம் நம் ரசிகர்கள் உண்டாக்கியது. தியாகராய நகரில் சிவாஜியின் வீடு இருக்கும் தெற்கு போக் சாலைக்கே 'செவாலியே சிவாஜி கணேசன் சாலை' என்று பெயர். நெப்போலியன் 1802-இல் தொடங்கிய 'லெஜியன் தொன்னர்' வேறு, அதில் ஐந்து படிகள்.

இன்றைய இந்தியர் ஒருவர் சர் ஆக முடியுமா?
(திருநெல்வேலி வாசகி)

முடியாது. நம் அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவு, இந்தியக் குடிமகன் எவரும் அயல்நாட்டுப் பட்டம் ஏற்கக்கூடாது என்கிறது. பிரிட்டன் பக்கத்திலும், தங்கள் அரசர் ஆட்சித் தலைவராக இல்லாத நாட்டினருக்குக் கொடுப்பது கௌரவ விருது. எழுத்து உண்டு, 'சர்' இல்லை. ரத்தன் டாடா 2009-இல் கே.பி.இ., 2014-இல் ஜி.பி.இ. பெற்றார், ஆனாலும் அவர் சர் அல்ல. 'சர் ரத்தன் டாடா' என்று அறக்கட்டளைப் பெயரில் பார்ப்பது ஜாம்ஷெட்ஜி டாடாவின் இளைய மகனை. சிதம்பரத்தில் பிறந்த விஞ்ஞானி வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் 2012-இல் முறைப்படி நைட் பேச்சலர் ஆனார். பொதுவாக அவர் அதைப் பெயருக்கு முன் போட்டுக்கொள்வதில்லை.

இதே பிரிவை வைத்துத்தான் 1995-இல் உச்ச நீதிமன்றம், பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல, அவற்றைப் பெயருக்கு முன்னோ பின்னோ சேர்க்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. கச்சேரி அழைப்பிதழ்களில் 'பத்மஸ்ரீ இன்னார்' என்று அச்சிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்க முடிந்ததா?
(கோயம்புத்தூர் வாசகர்)

ஒரு காலத்தில் முடிந்தது. முதல் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் ஆட்சியில் பட்டத்துக்கு விலையே பேசினார்கள், நைட் பட்டத்துக்குப் பத்தாயிரம் பவுன் என்று. அதைத் தடுக்க 1925-இல் சட்டம் வந்தது. இதற்குத் தலைகீழான கதையும் உண்டு. இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ் பணமுடையில் பழைய வழக்கம் ஒன்றைத் தோண்டி எடுத்தார்: வருடம் நாற்பது பவுன் வருமானத்துக்கு நிலம் வைத்திருப்பவன் நைட் ஆகியே தீர வேண்டும், ஆகாதவன் அபராதம் கட்ட வேண்டும். வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தவர்களிடமிருந்து வசூல் செய்தார். பார்லிமெண்ட் 1641-இல் அதை ஒழித்தது.

வாங்கிய சர் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்த இந்தியர் தாகூர் ஒருவர்தானா?
(மதுரை வாசகி)

உங்கள் ஊர்க்காரர் ஒருவர் அவருக்கு முன்பே கொடுத்துவிட்டார் அம்மா. எஸ்.சுப்பிரமணிய ஐயர். 1842-இல் மதுரையில் பிறந்து, மதுரையிலேயே வக்கீலாகத் தொழில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகி, தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தவர். ஊர் அவரை 'மணி ஐயர்' என்றே அழைத்தது. கே.சி.ஐ.இ., திவான் பகதூர் இரண்டும் அவரிடம் இருந்தன.

1917 ஜூனில் அன்னி பெசன்ட் அம்மையாரைச் சென்னை அரசாங்கம் காவலில் வைத்தது. இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்ட ஹோம் ரூல் இயக்கத்தின் கௌரவத் தலைவர் மணி ஐயர், அப்போது வயது 74. அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மக்களாட்சிக்காகப் போர் என்கிறீர்களே, இந்தியாவில் அது எங்கே இருக்கிறது என்பது அதன் சாரம். தபாலில் போட்டால் தணிக்கையில் மாட்டும். ஹோச்னர் என்ற அமெரிக்கத் தம்பதி கையோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மறு வருடம் விஷயம் வெளியே வந்தது. லண்டன் பார்லிமெண்டில் இந்தியா மந்திரி மாண்டேகு கடுமையாகக் கண்டித்தார். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி எழுதலாமா என்பதுதான் கோபம். கிழவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. நைட் பட்டம், திவான் பகதூர் இரண்டையும் துறந்தார்.

தாகூர் 1915-இல் சர் ஆனவர். 1919 ஏப்ரலில் ஜாலியன் வாலாபாக். மே மாத முடிவில் வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதி, தம்மைப் பட்டத்திலிருந்து விடுவிக்கச் சொன்னார். நாடே அதை அறியும், பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. மணி ஐயரின் கடிதம் இருக்க வேண்டிய அளவுக்கு நம் பாடங்களில் இல்லை. நான் வேலையில் இருந்தவரை தாகூரின் பாடம் நடத்தும் அன்றைக்கே இதையும் கரும்பலகையில் எழுதிப் போடுவேன்.

அடுத்த முறை சென்னை போனால் மெரினா எதிரே பல்கலைக்கழக செனட் ஹவுஸ் பக்கம் கொஞ்சம் நடந்து பாருங்கள். முன்னால் மணி ஐயர் சிலையாக நிற்கிறார்.